உண்டியும் உழைப்பும்

கல்வி பெற்றோம், தொழில் பெற்றோம், நம் முன்னோர் கண்டறியாத வசதிகள் சிலவற்றையும் பெற்றோம். இவற்றைத் துய்ப்பதற்கு உரிய உடலைப் பேணும் நெறியையும் பெற்றோமா என்பது, இவ்விழா மலரை விரிக்கும் இவ்வேளையில் நாம் நம்மையே வினாவ வேண்டிய வினாவாகும். பழைய மாணவர் ஒன்றுகூடும் இடங்களில், சலரோகம் என்று நம் முதியோர் கூறும் நீரிழிவும், இரத்த அழுத்தமும், மூட்டுநோவும் இன்று வழக்கமான உரையாடற் பொருள்களாகிவிட்டன. இம்மூன்றுக்கும் பொதுவாய் நிற்கும் காரணங்களுள் ஒன்று உடற்பருமன். அதனை அவசரமின்றிப் படிப்படியாகக் குறைக்கும் வழியையும், அவ்வழியே சிறந்தது என்பதற்குரிய காரணங்களையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாறிய உழைப்பு, மாறாத உணவு

கேகாலை மாவட்டத்திலே, களனி கங்கையின் கரையில், அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்துள்ளது கித்துல்கல. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் பாலக் காட்சிகள் இவ்விடத்தே எடுக்கப்பட்டமையால் ஊரின் பெயர் உலகறிந்தது. இக்காலத்தில் ஆற்றின் விரைந்த நீரோட்டத்தில் காற்றடைத்த தோணி செலுத்துவதற்காகப் பலர் இங்கே வருகின்றனர். நகரத்தில் நாற்காலியில் அமர்ந்து தொழில் செய்வோர், தம் கைகால்களுக்குச் சிறிது வேலை கொடுப்பதற்காகப் பணம் செலுத்துகின்றனர்.

இதே மலைச்சரிவுகளில் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமார் உழைப்பைத் தேடிச் செல்ல வேண்டியிருந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்றனர். பால் வெட்டுவோர் வாளியுடன் மரத்துக்கு மரம் ஏறியிறங்கினர். கொழுந்து பறிப்போர் கூடையைத் தலையில் மாட்டிச் சரிவுகளில் நாள்முழுதும் நின்றனர். கான் வெட்டு, முள்ளுக்குத்து, கவ்வாத்து ஆகிய வேலைகளின் கடுமையை அவற்றைச் செய்தோரே அறிவர். வேலை முடிந்த பின்னும் பீலிக்கரையிலிருந்து தண்ணீரும், காட்டோரத்திலிருந்து விறகும் சுமந்தே லயத்துக்குத் திரும்பினர். அவ்வுழைப்புக்கு ஈடுகொடுத்தவை கோதுமை மா ரொட்டியும், தேங்காய்ச் சம்பலும், மாலையில் சோறும், இடையிடையே சீனியிட்ட சாயத் தேநீரும் ஆகும். விரைவில் வலிமை தருவதும், மலிவாகக் கிடைப்பதும், வயிற்றை நிரப்புவதுமான உணவு அது. உண்டதெல்லாம் சரிவுகளில் வியர்வையாய்ச் செலவாயிற்று.

அவர்களுடைய மக்களும் பேரரும் நம்மைப் போன்ற கல்லூரிகளிற் பயின்று ஆசிரியராயினர், இலிகிதராயினர், கொழும்பில் வணிகராயினர், வாகனச் சாரதிகளாயினர், கடல் கடந்தும் சென்றனர். உழைப்பின் வகை ஒரே தலைமுறையில் மாறிவிட்டது. ஆயினும் தட்டில் இடப்படும் ரொட்டியின் எண்ணிக்கை குறையவில்லை. சோற்றின் குவியல் தாழவில்லை. தேநீரின் இனிப்பும் குன்றவில்லை. அவற்றின் மேல் பணிசும், பொரித்த தின்பண்டங்களும், போத்தலில் அடைத்த இனிப்புப் பானங்களும், இரவில் கொத்துரொட்டியும் வந்து சேர்ந்தன.

உழைப்புக் குறையுமாயின் பசியும் தானே குறையாதோ எனச் சிலர் வினவக்கூடும். இவ்வினாவுக்கு விடை கூறும் ஆராய்ச்சியொன்று வங்காளத்திலேயே நடைபெற்றுள்ளது. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள சணலாலை ஒன்றில் 213 ஆண்களின் உணவையும் எடையையும் தொழிலையும் ஜீன் மேயர் என்னும் அறிஞரும் துணைவரும் ஒப்பிட்டு, 1956இல் வெளியிட்டனர். மிதமாகவும் கடினமாகவும் உழைத்தோர் தம் உழைப்புக்கு ஏற்ற அளவே உண்டனர். உட்கார்ந்து தொழில் பார்த்தோரோ, கடினமாக உழைத்தோர்க்கு நிகராகவும் சிலவேளை மிகுதியாகவும் உண்டனர், எடையும் மிகுந்திருந்தனர். உழைப்பு ஓரெல்லைக்குக் கீழே வீழ்ந்தபின், எவ்வளவு போதும் என்று சொல்லும் பசியுணர்வு நம்பத்தக்க வழிகாட்டியாய் இருப்பதில்லை என்பதே இதனால் அறியப்படுவது.

நமக்கு ஏன் மிகுந்த கவனம் வேண்டும்

மலையகத்தார் இவ்விடயத்தில் ஏனையோரினும் விழிப்பாயிருத்தற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டில் நடைபெற்ற குடித்தொகை, சுகாதார அளவையின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். தோட்டப்புறத்திலோ அத்தொகை நூற்றுக்கு 32 ஆக இருந்தது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளும் தோட்டங்களிலேயே மிகுதி. நம்முள் பலர் அத்தகைய இளமையைக் கடந்து வந்தவர்களே.

வறுமையில் உருவான உடல் வளத்திற் புகும்போது நேர்வது யாது? இங்கிலாந்தின் மருத்துவ அறிஞர் டேவிட் பார்க்கர் 1980களின் இறுதி தொடங்கி இவ்வினாவை ஆராய்ந்தார். பிறப்பிலும் முதலாம் ஆண்டிலும் எடை குறைந்திருந்தோர், பிற்காலத்தில் இருதய நோய்க்கும் நீரிழிவுக்கும் மிகுதியாக ஆளாயினர் என்று அவரும் துணைவரும் கண்டனர். பூனாவில் மருத்துவர் யாஜ்னிக் நடத்திய ஆராய்ச்சிகள், இந்தியக் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பினும் தசை சிறுத்துக் கொழுப்பு ஒப்பீட்டளவில் மிகுந்திருத்தலைக் காட்டின. கருவிலே பஞ்சத்துக்குப் பழகிய உடல், கிடைத்ததைச் சேமிக்க முற்படுகிறது. பின்னர் உணவு பெருகி உழைப்புச் சுருங்குமாயின், அச்சேமிப்பு வயிற்றைச் சூழ்ந்து கொழுப்பாய்த் திரள்கிறது. தோட்டத்திலிருந்து மேலெழுந்து வந்த முதல் தலைமுறையே இதனால் பெரிதும் தாக்குறுதல் கூடும். பெற்றோர் அரும்பாடுபட்டு வாங்கித் தந்த உயர்வை, ஐம்பது வயதிற்குள் கண்ணொளியையும் காலையும் சிறுநீரகத்தையும் இழந்து கைவிடுதல் பெருந்துயரன்றோ!

நாட்டின் நிலையும் அச்சந்தருவதே. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த நாடளாவிய ஆய்வில் வளர்ந்தோருள் நூற்றுக்குப் பதின்மர் அளவில் நீரிழிவு உடையராய்க் காணப்பட்டனர். நகரத்தில் 16 பேர், கிராமத்தில் 9 பேர் அளவில். 2018, 2019ஆம் ஆண்டுகளின் மற்றோர் ஆய்வு, வளர்ந்தோருள் நூற்றுக்கு 23 பேருக்கு நோய் உண்டெனக் கணித்தது. இரு ஆய்வுகளின் முறைகள் ஒன்றல்ல; எனினும் நோய் பெருகும் திசை தெளிவு.

பருமனை அளத்தல்

உடல் எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டெண். மேலைநாட்டார்க்கு 25 எல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஆசிய மக்களுக்கு 23இலேயே கேடு மிகத் தொடங்குகிறது என்றும், 27.5இல் பெரிதும் மிகுகிறது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு 2004இல் அறிவித்தது. 165 சென்ரிமீற்றர் உயரமுள்ளவர்க்கு முதலெல்லை ஏறக்குறைய 63 கிலோ. இரண்டாவது 75 கிலோ. எடைத்தராசு இல்லாதார் ஓர் அளவுநாடாவைக் கொண்டே தம்மைச் சோதிக்கலாம். தென்னாசிய ஆண்களுக்கு இடுப்பின் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் கடவாதிருத்தல் நன்று. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருப்போர், தாம் பருத்தவரல்லர் எனக் கருதி ஏமாறுதல் கூடாது.

மெல்லக் குறைத்தலே மேலானது

பருமன் கேடென அறிந்தவுடன் பலர் பட்டினி கிடக்கத் தொடங்குவர். ஒரு வாரம் சோற்றை நீக்குவர். கஞ்சியும் பழமும் மட்டும் உண்பர். எடை குறைந்தது கண்டு மகிழ்வர். மறுமாதம் பழைய நிலைக்கே மீள்வர். இது மனவுறுதியின்மையால் மட்டும் நிகழ்வதன்று. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார், தாமாக முன்வந்த 36 ஆண்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் தம் எடையில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கை இழந்தனர். அவர்தம் உடல் செலவிடும் வலுவும் பெரிதும் சுருங்கியது. இரவும் பகலும் உணவைப் பற்றிய எண்ணமே மேலோங்கியது. கட்டுப்பாடு நீங்கியபின் அளவின்றி உண்டனர்; தொடர்ந்து கவனிக்கப்பட்டோரிடம் கொழுப்பு முன்னிருந்ததினும் மிகுந்தது. கடும்பட்டினியை உடல் பஞ்சமென்றே கொள்கிறது. பஞ்சம் நீங்கியதும் இழந்ததை மீட்க முனைகிறது.

சிறு மாற்றம் நெடுங்காலம் நிற்குமாயின் பயன் தரும். இதற்கு ஒரு கணக்குண்டு. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 5 கிராம். அது தருவது 20 கலோரி. நாளொன்றுக்கு ஐந்து கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் சீனியால் மட்டும் 200 கலோரி சேர்கிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெவின் ஹோலும் துணைவரும் 2011இல் வெளியிட்ட கணிப்பின்படி, நாள்தோறும் 24 கலோரி குறைத்து, வேறெதையும் மாற்றாதிருப்பின், காலப்போக்கில் ஒரு கிலோ எடை குறையும். அதிற் பாதி முதலாண்டிலும், பெரும்பாலும் முழுமையும் மூன்றாண்டிலும் நிகழும். அவ்வாறாயின் தேநீர்ச் சீனியை விட்டவர் முதலாண்டில் ஏறக்குறைய 4 கிலோவும், மூன்றாண்டில் 8 கிலோ அளவும் குறைதல் கூடும். ஒரு மாதத்தில் கண்ணுக்குப் புலனாகாத இம்மாற்றம் மூன்றாண்டில் ஆளையே மாற்றிவிடும். எடை கூடியதும் இவ்வாறே, நாளுக்கொரு சிறிதாகவன்றோ!

உணவை ஒழுங்குசெய்தல்

முதலில் தேநீரிலிருந்து தொடங்குதல் எளிது. இரு வாரத்துக்கு ஒருமுறை கோப்பைக்கு அரைக் கரண்டி சீனியைக் குறைத்து வந்தால், இரண்டு மாதத்தில் நாவு வெறுந்தேநீருக்குப் பழகிவிடும். தேயிலையின் இயல்பான மணத்தை அப்போதே பலர் முதன்முதலாக அறிவர். இங்கே கித்துள் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். நம் ஊரின் பெயரிலேயே அமைந்துள்ள இம்மரம் தமிழில் கூந்தற்பனை எனப்படும். அதன் பாணியும் கருப்பட்டியும் சுவை மிக்கவை, சீனியினும் மணமுள்ளவை. ஆனால் அவை நீரிழிவாளர்க்குத் தீங்கு செய்யா எனச் சிலர் கூறுதல் பொருந்தாது. அவற்றின் பெரும்பகுதியும் சர்க்கரையே, அளவோடு கொள்ளத்தக்கனவே.

அடுத்தது ரொட்டி. 100 கிராம் கோதுமை மாவும் 30 கிராம் தேங்காய்ப்பூவும் சேர்ந்த ஒரு ரொட்டி 450 கலோரிக்குக் குறையாது. மூன்று உண்போர் இரண்டாக்கி, அவ்விடத்தை ஒரு கோப்பைப் பருப்பாலோ, அவித்த கடலையாலோ, ஒரு முட்டையாலோ நிரப்புக. புரதமும் நாரும் உள்ள உணவு நெடுநேரம் பசியைத் தாங்கும். சோற்றுத் தட்டை மனத்தில் நான்காகப் பகுத்து, இரு பகுதிக்குக் கீரையும் காய்கறியும், ஒரு பகுதிக்குச் சோறும், ஒரு பகுதிக்குப் பருப்போ மீனோ முட்டையோ கொள்க. இதற்காகப் பெருஞ்செலவு செய்ய வேண்டுவதில்லை. வல்லாரையும் பொன்னாங்காணியும் கங்குனும் முருங்கையிலையும் நம் ஊர்களில் எளிதிற் கிடைப்பன. பலாக்காயும், ஈரப்பலாக்காயும், மரவள்ளிக் கிழங்கும் நல்லுணவுகளே. எனினும் அவற்றைச் சோற்றுக்கு மேல் கறியாகக் குவிக்காது, சோற்றின் இடத்திலே கொள்ளுதல் வேண்டும். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி தருவது. ஆதலின் பொரித்தவற்றை விழாநாட்களுக்கு ஒதுக்குக.

உண்ணும் முறையும் ஒன்று உண்டு. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறினை உணவுக்கே ஒதுக்கினார். முன்னுண்டது செரித்தபின், பசித்து, ஒவ்வுவதை, அளவறிந்து உண்பவனுக்கு மருந்து வேண்டா என்பது அவற்றின் திரண்ட கருத்து. இன்றைய மருத்துவர் கூறுவதும் இதனையொத்ததே. இரவுணவைப் படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னரே முடித்தலும், தொலைக்காட்சியையோ கைபேசியையோ பார்த்துக்கொண்டு உண்ணாதிருத்தலும் நலம். விரதம் நற்பயிற்சி; ஆயினும் பகலெல்லாம் நோற்று இரவில் பாயசமும் வடையுமாய்ப் பாரணை செய்வோர் உடலுக்கு நன்மை தேடினவராகார்.

உடலை இயக்குதல்

அரைமணி நேர விரைநடையில் செலவாவது 120 முதல் 150 கலோரி வரையிலாம். மூன்று கோப்பைத் தேநீரில் இட்ட ஆறு கரண்டிச் சீனியே அதனை ஈடுசெய்துவிடும். ஆதலின் எடை குறைத்தலில் உணவுக்கே முதலிடம். ஆயினும் உடற்பயிற்சியின்றிக் குறைத்த எடையில் தசையும் கரைந்துபோம்; குறைத்த எடை நிலைத்தலும் அரிது. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே ஈர்த்துக்கொள்வதால், எடை குறையாவிடினும் பயிற்சி பயன் தரும்.

சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரனும் துணைவரும் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 55 பேர் ஏறக்குறைய இரண்டரையாண்டில் நோயாளராயினர். உணவைச் சீர்செய்து நாள்தோறும் அரைமணி நடந்தோருள் 39 பேரே அந்நிலையை அடைந்தனர். இவர்களுடைய எடையிற் பெருங்குறைவு ஏதும் நிகழவில்லை என்பது கருதத்தக்கது. தராசின் முள் அசையாதது கண்டு முயற்சியைக் கைவிடும் அன்பர்கள் இதனை மனங்கொள்க. சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் இவ்வாறே 577 பேருடன் தொடங்கிய ஆய்வில், ஆறாண்டுப் பழக்கத்தின் பயன் முப்பதாண்டு கழிந்தும் காணப்பட்டது. நோயின் வரவு ஏறக்குறைய நான்காண்டு பிற்பட்டதோடு இருதய நோயால் நேரும் மரணங்களும் குறைந்தன.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும், இருநாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் விதிக்கிறது. பேசக்கூடியதாயும் பாடமுடியாததாயும் மூச்சு வாங்கும் நடையே மிதமான உழைப்பு. நீண்டகாலம் நடவாதவர் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுக. கித்துல்கல போன்ற மழை மிகுந்த ஊரில் மழையும் அட்டையும் நடைக்குத் தடையாதல் உண்மையே. பெருந்தெருவின் வளைவுகளில் வாகனங்களுக்கிடையே நடத்தலும் ஆபத்தானது. தோட்டப் பாதைகளும், பாடசாலை மைதானமும், கோயில் வீதியும் ஏற்ற இடங்கள். மழைநாளில் வீட்டுப்படிகளில் ஏறியிறங்கலாம். சூரிய நமஸ்காரம் செய்யலாம். பிள்ளையார் சந்நிதியில் நாம் இளமையில் இட்ட தோப்புக்கரணம் தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல பயிற்சி. மூட்டுநோவில்லாதார் ஐந்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

மார்கழி முதல் வைகாசி வரை நீளும் யாத்திரைக் காலத்தில் சிவனொளிபாதமலைக்கு ஏறுவோர் நம்மிற் பலர். ஆண்டுக்கொருமுறை ஆயிரக்கணக்கான படியேறி, எஞ்சிய நாட்களில் கடைத்தெருவுக்கும் முச்சக்கர வண்டியிற் செல்லுதல் தக்கதன்று. அம்மலையை இளைப்பின்றி ஏறுவதற்கென ஆண்டுமுழுதும் நடப்பது சிறந்த குறிக்கோளாகும்.

குடும்பமும் கூட்டமும்

ஒரு வீட்டில் தந்தை பருத்தும் பிள்ளை மெலிந்தும் இருத்தல் இன்றைய மலையகத்திற் காணும் விந்தை. இருவர்க்கும் இரு சமையல் வேண்டுவதில்லை. பருப்பும் கீரையும் முட்டையும் தட்டிற் கூடும்போது பிள்ளை வளர்கிறது. மாவும் சீனியும் எண்ணெயும் குறையும்போது தந்தை நலம் பெறுகிறார். வளரும் பிள்ளைக்கு எடை குறைக்கும் உணவுக் கட்டுப்பாட்டை வீட்டார் தாமாக விதித்தல் கூடாது. கருவுற்ற தாய்க்கும் அவ்வாறே. நீரிழிவுக்கு மருந்து கொள்வோர் உணவைத் திடீரெனக் குறைப்பின் இரத்தச் சர்க்கரை கேடுறும் அளவுக்குத் தாழ்தல் கூடும். ஆதலின் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. நாள்முழுதும் மலையில் நின்றோ அடுப்படியில் நின்றோ களைத்த பெண்களுக்கு நடைப்பயிற்சியை உபதேசிப்பதற்கு முன், வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளுதல் ஆடவர் கடன்.

2011ஆம் ஆண்டு முதல் அரசாங்க மருத்துவமனைகளில் நடுவயதினரின் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை இலவசமாகச் சோதிக்கும் நிலையங்கள் நிறுவப்பட்டுள்ளன. நோய் வருமுன் அங்கே செல்வது நோய் வந்தபின் செல்வதினும் எளிது.

தனியொருவன் தொடங்கிய பழக்கம் மழைநாளில் நின்றுவிடும். நால்வர் கூடித் தொடங்கியது நில்லாது. பழைய மாணவர் சங்கத்தார் வாரத்துக்கொரு முறையேனும் கல்லூரி மைதானத்திற் கூடி நடந்தால், இளைய மாணவர்க்கும் அது பாடமாகும். கூட்டங்களில் பணிசும் இனிப்புப் பானமும் வழங்கும் வழக்கை விடுத்து, அவித்த கடலையும் பழமும் சீனியற்ற தேநீரும் வழங்குவது அதிகச் செலவன்று.

மலைச்சரிவில் வியர்வை சிந்தி நம்மை ஆளாக்கியோர், நாம் நீண்டநாள் நலமுடன் வாழவேண்டும் என்றே அவ்வுழைப்பை ஏற்றனர். அவர்கள் விரும்பிய வாழ்வை முழுமையாக வாழ்தலே அவர்க்குச் செய்யும் கைம்மாறு. இன்று ஒரு கரண்டிச் சீனி குறைக. நாளை பத்து நிமிடம் நடக்க. அடுத்த விழாவில் யாவரும் ஊன்றுகோலின்றிக் கல்லூரிப் படிகளில் ஏறி வருக. இறைவன் திருவருள் துணைநிற்பதாக!